சப்ளையரைத் திருத்தப் போகும் முன் நம் ஆர்டரை எடுத்துப் பாருங்கள்

சப்ளையர் டெவலப்மென்ட், அதாவது நமக்குப் பொருள் செய்து தரும் ஆலைகளை மேம்படுத்தும் வேலையில் எனக்கு 22 வருடம் ஆகிறது. வார்ப்படம், பிரஸ், மெஷினிங், முலாம் பூச்சு என்று உலோக வேலை செய்யும் சிறிய ஆலைகளோடுதான் அதிகம் பழகியிருக்கிறேன். முதல் ஆறேழு வருடம் நான் செய்ததை டெவலப்மென்ட் என்று சொல்ல முடியாது. கையில் 140 கேள்விகள் கொண்ட செக்லிஸ்ட் இருக்கும். காலையில் போவேன், மாலைக்குள் குறைகளை எழுதிக் கொடுப்பேன், 30 நாளில் பதில் அனுப்பச் சொல்வேன். பதில் தவறாமல் வரும். "ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்று ஒரு வரி, கூடவே ஒரு போட்டோ. அடுத்த வருடம் போனால் அதே குறை இன்னொரு மெஷினில் இருக்கும்.

அந்தப் பழக்கத்தை மாற்றியது ஒரு பிரஸ் ஷாப்பில் நடந்த பேச்சு. வருகைப் பதிவில் சிலர் வாரத்துக்கு 72 மணி நேரம் வேலை செய்திருந்தார்கள். பல நிறுவனங்கள் சப்ளையர்களுக்கு வைக்கும் நடத்தை விதிகளில் ஓவர்டைமையும் சேர்த்து 60 மணி நேரம்தான் உச்ச வரம்பு, எங்களுடையதும் அப்படியே. நான் குறையை எழுதத் தொடங்கியதும் உரிமையாளர் வாதம் செய்யவில்லை. ஒரு ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தார். "சார், இது உங்கள் ஆபீஸ் அனுப்பியது. இதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றார். ஒரே மாதத்துக்கான டெலிவரி ஷெட்யூல், ஒன்பது முறை திருத்தப்பட்டிருந்தது. அன்று இரவு உட்கார்ந்து, திருத்தம் வந்த தேதிகளையும் ஓவர்டைம் ஏறிய தேதிகளையும் ஒரே தாளில் வரைந்தேன். ஏறக்குறைய ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு மூன்று நாள் கழித்து ஓவர்டைம் ஏறியிருந்தது. அந்தக் குறைக்கு நாங்களும் பொறுப்பு என்று எழுத என் ஃபாரத்தில் இடமே இல்லை.

அதனால் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: சப்ளையரிடம் போகும் முன் உங்கள் கம்பெனியின் ஆர்டர் தாள்களை எடுங்கள்.

கடைசி ஆறு மாதத்துக்கு எடுத்தால் போதும். ஒரு பக்கம் ஷெட்யூல் எத்தனை முறை, டெலிவரிக்கு எத்தனை நாள் முன்பு மாறியது என்று எழுதுங்கள். இன்னொரு பக்கம் அந்தச் சப்ளையரின் லேட் டெலிவரி, ரிஜெக்ஷன், அவசர வண்டியில் அனுப்பிய சரக்கு. ஓவர்டைம் பதிவு கிடைத்தால் அதையும் சேருங்கள். இரண்டையும் தேதி வாரியாக ஒரே தாளில் வரையுங்கள். இந்தத் தாளை முதலில் காட்ட வேண்டியது உங்கள் பிளானிங் மேனேஜரிடம்.

எங்களிடம் இதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. அடுத்த இரண்டு வாரத்துக்கான ஆர்டர் பூட்டப்பட்டது, யாரும் தொடக் கூடாது. மூன்றாவது, நான்காவது வாரங்களில் 15 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் கணிப்பு மட்டும். பூட்டிய வாரத்தில் மாற்றம் வேண்டுமென்றால் பிளானர் கையெழுத்து போதாது. அவருடைய மேனேஜர் போட வேண்டும், சப்ளையருக்கு ஆகும் கூடுதல் செலவையும் அதே தாளில் எழுத வேண்டும். அந்தத் தொகையைத் தன் கையால் எழுத நேர்ந்த பிறகு "அவசரம்" என்று வரும் ஆர்டர்கள் வெகுவாகக் குறைந்தன.

பேமெண்ட்டையும் அதே போலப் பாருங்கள். 90 நாள் கழித்துப் பணம் தரும் கம்பெனிக்கு, அந்த 90 நாளும் சப்ளையர்தான் கடன் கொடுக்கிறார். அவருக்குக் கிடைக்கும் கடன் நமக்குக் கிடைப்பதைவிட அதிக வட்டிக்குத்தான். வட்டி கட்டும் ஆலையில் முதலில் தள்ளிப்போவது மெஷின் பராமரிப்பு, அடுத்தது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, அப்புறம் சம்பளத் தேதி. சிறிய சப்ளையர்களுக்கு மட்டுமாவது 30 நாளில் பணம் கொடுக்கும்படி உங்கள் ஃபைனான்ஸ் ஆட்களிடம் போராடுங்கள். இதைச் செய்யாமல் பசுமை, அறம் என்று எந்தப் பயிற்சி வகுப்பு நடத்தினாலும் அது அவர் நேரத்தை வீணாக்குவதுதான்.

யாரோடு தொடங்குவது

மேலாண்மை ஆலோசகர் பீட்டர் கிரால்ஜிக் 1983-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, கொள்முதல் துறையில் எல்லோரும் வாங்கும் பொருட்களை இரண்டு அளவுகளில் பிரித்துப் பார்க்கப் பழகினார்கள்: லாபத்தில் அதன் பங்கு எவ்வளவு, அது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு. நல்ல முறை. ஆனால் நடைமுறையில் பலரும் செலவை மட்டும் பார்த்து, முதல் பத்துப் பேரைப் பட்டியலிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பெரிய தொகை வாங்கும் சப்ளையரிடம் சொந்தமாகவே ஒரு தரக் குழு இருக்கும். உங்கள் உதவி அதிகம் தேவைப்படுவது, வருடச் செலவில் கண்ணுக்கே தெரியாத முலாம் கடைக்கும், உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் கடைக்கும்தான்.

சின்னப் பொருள் என்ன செய்யும் என்பதற்கு 1997 பிப்ரவரி 1 ஒரு பாடம். ஜப்பானின் கரியா நகரில் இருந்த ஐசின் ஆலை அன்று எரிந்தது. டொயோட்டாவுக்கான பிரேக் அழுத்தத்தைச் சீராக்கும் சிறு வால்வு ஏறக்குறைய முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. கையிருப்பு மிகக் குறைவு. சில நாளில் ஜப்பானில் டொயோட்டாவின் லைன்கள் நின்றன. அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஐசினின் வரைபடங்களை வாங்கிக்கொண்டு, கையில் இருந்த மெஷின்களிலேயே அந்த வால்வைச் செய்து கொடுத்தன. தையல் மெஷின் தயாரிக்கும் பிரதர் நிறுவனமும் அதில் ஒன்று. ஒரு வாரத்துக்குள் லைன்கள் மறுபடி ஓடத் தொடங்கின. பல வருடம் சேர்த்து வைத்த உறவும், ஆலைத் தளத்தில் சொல்லிக் கொடுத்த வேலையும் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆகவே "இந்தக் கடை நாளை மூடினால் நம்மில் எது நிற்கும்" என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். கூடவே "இந்தக் கடையால் யாருக்குக் கேடு வர முடியும்" என்றும் கேளுங்கள்: ரசாயனம், சூளை, தூசி, ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒரு இன்ஜினியருக்கு ஒரே நேரத்தில் மூன்று சப்ளையர்களுக்கு மேல் கொடுக்காதீர்கள். நான் ஒரு காலத்தில் 11 பேரை வைத்திருந்தேன். 11 பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன் என்பதைத் தவிர எதுவும் நடக்கவில்லை.

முதல் மூன்று நாள்

செக்லிஸ்ட் வேண்டாம். சரக்கு வெளியே போகும் இடத்தில் தொடங்கி, மூலப்பொருள் இறங்கும் இடம் வரை பின்னோக்கி நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு சரக்கு காத்துக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். ஸ்கிராப் தொட்டியைக் கிளறுங்கள். எந்தப் பொருள், எந்தக் குறை என்று அது ரிப்போர்ட்டைவிடத் தெளிவாகச் சொல்லும். கழிப்பறைக்கும் குடிநீருக்கும் போய்ப் பாருங்கள். ஒரு நாளாவது இரவு ஷிஃப்ட்டில் இருங்கள்.

இப்படி நடந்தபோது ஒரு பிரஸ் ஷாப்பில் கண்டதைச் சொல்கிறேன். எங்களுக்கு ஐந்து பொருள், ஒவ்வொன்றிலும் மாதம் 1,000. நாங்கள் வாரத்துக்கு 250 கேட்போம். அவர் 1,000-ஐயும் ஒரே மூச்சில் அடித்து அடுக்கி வைப்பார். டையை, அதாவது பிரஸ்ஸில் பொருளுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை, மாற்ற 3 மணி நேரம் ஆவதால் அவருக்கு வேறு வழியில்லை. டையில் ஒரு பிசிறு விழுந்தால் அது தெரிய வருவதற்குள் 800 பொருள் அடித்து முடிந்திருக்கும். அத்தனையும் உருக்கும் உலைக்குத் திரும்பிப் போகும். அந்த எஃகை ஒரு முறை உருக்கிய ஆற்றல் போனது, உருட்டிய ஆற்றல் போனது, அடித்த ஆற்றலும் போனது. தரமும் சூழலும் ஒரே விஷயம் என்பதை எனக்குப் புரியவைத்தது எந்தக் கருத்தரங்கும் அல்ல, அந்த ஸ்கிராப் குவியல்.

டை மாற்றும் நேரத்தைக் குறைப்பதில் ஜப்பானிய இன்ஜினியர் ஷிகேயோ ஷிங்கோ காட்டிய வழி இன்றும் போதும். 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்றும் நேரத்தை 4 மணியிலிருந்து 90 நிமிடத்துக்கும், பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்கள். மெஷின் நின்றால்தான் செய்யக்கூடிய வேலை எது, ஓடும்போதே முடித்துவிடக்கூடிய வேலை எது என்று பிரிப்பதுதான் அதன் உயிர். நாங்கள் ஒரு டை மாற்றத்தை முழுவதும் வீடியோ எடுத்தோம். ஸ்பேனர் தேடவும், கிரேனுக்குக் காத்திருக்கவும், போல்ட்டுக்கு வாஷர் பொறுக்கவும் பாதிக்கு மேல் போனது. அடுத்த டையை முன்கூட்டியே தள்ளுவண்டியில் பிரஸ் பக்கம் கொண்டுவந்தோம், எல்லா டைகளுக்கும் கீழே தகடு வைத்து உயரத்தை ஒன்றாக்கினோம், போல்ட் அளவையும் ஒன்றாக்கினோம். 35 நிமிடம் ஆனது.

கணக்கைப் பாருங்கள். முன்பு மாதம் 5 மாற்றம், 15 மணி நேரம். இப்போது வாரம் ஒரு முறை ஒவ்வொரு பொருளும், அதாவது மாதம் 20 மாற்றம், 35 நிமிடம் வீதம் ஏறக்குறைய 12 மணி நேரம். நான்கு மடங்கு மாற்றினாலும் நேரம் குறைந்தது. பிசிறு விழுந்தாலும் சேதம் 250-க்குள் நின்றுவிடும்.

தண்ணீர்

முலாம் கடையில் எனக்குக் கிடைத்த பாடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எந்த ஊர் முலாம் கடைக்கும் பொருந்தும்.

நிக்கல் தொட்டியிலிருந்து, பொருட்களை மாட்டியிருக்கும் ரேக்கைத் தூக்கும்போது பொருளோடு ஒட்டிக்கொண்டு கரைசலும் வெளியே வரும். அதைக் கழுவத்தான் தண்ணீர். மணிக்கு 1 லிட்டர் கரைசல் ஒட்டி வருகிறது, அதை 1,000 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே கழுவு தொட்டி என்றால் மணிக்கு 1,000 லிட்டர் ஓட வேண்டும். இரண்டு தொட்டி வைத்து, சுத்த நீரைக் கடைசித் தொட்டியில் விட்டு, அது வழிந்து முதல் தொட்டிக்கு வரும்படி, அதாவது பொருள் போகும் திசைக்கு எதிர்த் திசையில் விட்டால் 1,000-த்தின் வர்க்கமூலம், சுமார் 32 லிட்டர் போதும். மூன்று தொட்டி என்றால் கனமூலம், 10 லிட்டர். நடைமுறையில் தண்ணீர் அவ்வளவு நன்றாகக் கலக்காது. இரண்டு மூன்று மடங்கு வைத்துக்கொண்டாலும் மிச்சம் பெரியது.

அந்தக் கடையில் இடம் இல்லை என்றார்கள். பெரிய கழுவு தொட்டியின் நடுவே ஒரு தடுப்பு வைத்து இரண்டாக்கினோம், அவ்வளவுதான். ரேக்கை நிக்கல் தொட்டிக்கு மேலேயே பத்து விநாடி கூடுதலாகத் தொங்கவிட்டுச் சொட்டவிட்டோம். பொருளில் உள்ள குழி கீழ் நோக்கி இருக்கும்படி மாட்டும் விதத்தை மாற்றச் சொன்னது அங்கே வேலை செய்த ஒரு அக்கா; எங்கள் இன்ஜினியர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. ஒட்டி வரும் கரைசல் குறைந்தால் நிக்கல் வாங்கும் செலவு குறையும், கழிவுச் சேறு குறையும், சேற்றை அப்புறப்படுத்தும் செலவும் குறையும். சப்ளையருக்கே பணம் மிச்சமாகும் வேலை நாம் கிளம்பிய பிறகும் நிலைக்கும். அப்படிப்பட்ட வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரைக் குறைத்தால் வெளியேறும் நீரில் உலோகத்தின் அடர்த்தி கூடும். வெளியேற்ற வரம்பு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருந்தால், சுத்திகரிப்பு சரியாக வேலை செய்யாத கடை உடனே வரம்பைத் தாண்டிவிடும். முதலில் சுத்திகரிப்பின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் குழாயைச் சுருக்க வேண்டும்.

காற்றுக் கசிவும் இப்படி எளிதான இடம். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று கம்ப்ரெஸரில் 3 கிலோவாட்டுக்கு மேல் தின்னும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும் ஆலை முழுக்க நடந்தால் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மனிதர்கள்

2012 செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன, ஜன்னல்களில் கம்பி. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்ஏ 8000 என்ற, தொழிலாளர் நிலைமைக்கான சான்றிதழ் கிடைத்திருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து எந்த ஆலைக்குப் போனாலும் அவசர வழிக் கதவை நானே உள்ளிருந்து தள்ளித் திறக்கிறேன். சாவி யாரிடம் என்று கேட்க வேண்டிய கதவு, கதவே அல்ல. உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது: ஃபாரத்தில் டிக் போடாதீர்கள், கதவைத் தள்ளுங்கள்.

வேறு ஊர்களிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தால், வேலை கிடைக்க யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அடையாள ஆவணம் அவர்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் பதில் வராது. அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள், ஆலைக்கு வெளியே பேசுங்கள். பேசியவர்களின் பெயரை எந்த ரிப்போர்ட்டிலும் எழுதாதீர்கள்.

சிறுவர் யாராவது வேலை செய்வது தெரிந்தால், "உடனே வெளியே அனுப்பு" என்று சொல்லிவிட்டு வருவது மிக மோசமான முடிவு. அந்தப் பிள்ளை அதைவிட மோசமான இன்னொரு இடத்துக்குத்தான் போகும். வேலையை நிறுத்துங்கள், சம்பளத்துக்கு ஈடான தொகை குடும்பத்துக்குத் தொடரட்டும், பள்ளிச் செலவை நம் கம்பெனியும் பகிர்ந்துகொள்ளட்டும், வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுக்க முடியுமா பாருங்கள். உள்ளூரில் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு அமைப்பைத் துணைக்கு அழையுங்கள். நாமே இதைச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

கார்பன் கணக்கு

கரியமில வாயு போன்ற பசுமைக்குடில் வாயுக்களைக் கணக்கிடும் ஜிஹெச்ஜி புரோட்டோகாலில் 2011-இல் வந்த ஸ்கோப் 3 தரநிலை, கம்பெனிக்கு வெளியே நடக்கும் உமிழ்வை 15 வகையாகப் பிரிக்கிறது. வாங்கும் பொருட்களும் சேவைகளும் முதல் வகை. பலரும் வாங்கிய தொகையை ஒரு சராசரி எண்ணால் பெருக்கி இந்த வகையை நிரப்பிவிடுகிறார்கள். தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் அந்தக் கணக்கில் சப்ளையர் விலை ஏற்றினால் உமிழ்வு ஏறும், கசிவை அடைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் ஒன்றும் மாறாது. உழைத்த மனிதரின் உழைப்பு கணக்கில் வராது.

40 பக்கக் கேள்வித்தாள் அனுப்பாமல் மூன்று எண்கள் கேளுங்கள்: மாத மின்சார யூனிட், மாத எரிபொருள், மாதம் செய்த மொத்த எடை. மூன்றும் எந்த ஆலையிலும் பில்லாகவே இருக்கும். மாதம் 40,000 யூனிட், 100 டன் உற்பத்தி, அதில் நமக்கு 12 டன் என்றால் நம் பங்கு 4,800 யூனிட். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. மின்சாரத்துக்கு, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்ற அந்த நாட்டின் எண்ணைப் போடுங்கள். சூளை வேலை சில பொருட்களுக்கு மட்டும் என்றால் சூளைக்குத் தனி மீட்டர் வையுங்கள். மீட்டரை நம் செலவில் வாங்கிக் கொடுத்தாலும் தகும்.

பலனைப் பங்கிடுவது

மிச்சமான பணத்தை முதல் மாதமே விலைக் குறைப்பாகக் கேட்கும் கம்பெனிகள் உண்டு. அடுத்த முறை அந்த ஆலையின் கதவு திறக்கும், மனது திறக்காது. தொடங்கும் முன்பே எழுத்தில் போடுங்கள்: முதல் வருட மிச்சம் முழுவதும் சப்ளையருக்கு, பிறகு பாதிப் பாதி. அவருடைய பாதியில் ஒரு பகுதி தொழிலாளர்களுக்குப் போக வேண்டும் என்றும் நான் கேட்பேன். ஒரு ஆர்டருக்கு மட்டும் பேசிவிட்டு மூன்று வருட முதலீட்டை எதிர்பார்க்கவும் கூடாது. முதலீடு வேண்டுமென்றால் ஒப்பந்தமும் அத்தனை வருடத்துக்கு இருக்க வேண்டும்.

சப்ளையரிடம் நடக்கும் மனித உரிமை, சூழல் கேடுகளையும் வாங்கும் கம்பெனி கவனிக்க வேண்டும் என்னும் ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024-இல் இதே விஷயத்தில் தன் வழிகாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. இப்படிச் சட்டம் வரும்போதெல்லாம் சில கம்பெனிகள் எல்லாப் பொறுப்பையும் ஒரு உறுதிமொழித் தாளில் எழுதி, சப்ளையரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகின்றன. அந்தத் தாளால் ஒரு கதவும் திறக்காது.

விலகும்போது

எல்லா முயற்சியும் கைகொடுக்காது. ஆவணங்களைத் தொடர்ந்து பொய்யாக எழுதுபவர், தொழிலாளியின் உயிரோடு விளையாடுபவர், இரண்டு முறை அவகாசம் கொடுத்தும் நகராதவர் இருக்கிறார்கள். அப்போது விலகத்தான் வேண்டும். ஆனால் உயிருக்கு ஆபத்தான வேலையை மட்டும் அன்றே நிறுத்துங்கள். மீதி ஆர்டரை ஆறு மாதத்தில் படிப்படியாகக் குறையுங்கள். நாம் எடுத்துக்கொள்வதாகச் சொன்ன மூலப்பொருளையும் பாதி முடிந்த சரக்கையும் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நம் டைகளை எடுத்துப் போக லாரி அனுப்பும் முன், அந்த மாதச் சம்பளமும் பாக்கி ஓவர்டைமும் தொழிலாளர்களுக்குக் கொடுக்கப்பட்டதற்கான ரசீதைப் பாருங்கள். நான் கையெழுத்திட்ட ஒரு விலகலில் இதைப் பார்க்கவில்லை. 60 பேருக்குக் கடைசி மாதச் சம்பளம் வரவில்லை என்பது நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவர்களில் பலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த ரசீது என் மேஜைக்கு வராமல் எந்த லாரியும் கிளம்புவதில்லை.